மும்முனை மின்சாரமும் நான்காவது கம்பியும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுக்கும் வயலுக்கும் வந்து சேரும் மின்சாரத்தின் அளவைப் பற்றியவை. கேள்விகள் பல திசைகளில் இருந்தாலும், அவற்றில் பாதிக்கு மேல் மீட்டர் பெட்டிக்குள் நுழையும் நான்காவது கம்பியாகிய நியூட்ரலில்தான் போய் நிற்கின்றன. மின்சாரத்தைக் கொண்டுவரும் மற்ற மூன்று கம்பிகளாகிய ஃபேஸ்களைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். நியூட்ரலைப் பற்றியோ, அது அறுந்து பொருள்கள் எரிந்துபோன பிறகுதான் பேச்சு எழுகிறது. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் புதிதாக மும்முனை இணைப்பு வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட் என்றால், இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் 460 வோல்ட் வர வேண்டும் அல்லவா? வயர்மேன் 400 என்கிறார். மோட்டார் தகட்டில் 415 என்று இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையில் 440 என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மின்னழுத்தம் என்பது ஒரு கம்பிக்குள் தனியாக இருக்கும் பொருள் அல்ல, எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடுதான். 230 வோல்ட் என்று நாம் சொல்வது, ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை. அந்த வேறுபாடும் நிலையாக நிற்பதில்லை. வினாடிக்கு 50 முறை மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. 230 என்பது அதன் பயனுறு மதிப்பு, அதாவது அதே அளவு வெப்பத்தைத் தரக்கூடிய நிலையான மின்னழுத்தத்துக்குச் சமமான அளவு. உச்சியில் அது 325 வோல்ட்டைத் தொடுகிறது.

மூன்று ஃபேஸ்களும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. சிவப்பு ஃபேஸ் உச்சியைத் தொட்டு, வினாடியில் 150இல் ஒரு பங்கு நேரம் கழித்து மஞ்சள் ஃபேஸ் தொடுகிறது. அதே அளவு நேரம் கழித்து நீல ஃபேஸ் தொடுகிறது. சிவப்பு +325 வோல்ட்டில் நிற்கும் கணத்தில் மற்ற இரண்டும் –162.5 வோல்ட்டில் இருக்கின்றன. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: பூச்சியம். எந்தக் கணத்தில் எடுத்துக் கூட்டினாலும் பூச்சியம்தான் வரும். ஆகவே மூன்று 230களையும் கூட்டி 690 வோல்ட் என்று சொல்லவும் இங்கே இடமே இல்லை.

இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு அதன் பயனுறு மதிப்பை எடுத்தால், அது ஒரு ஃபேஸின் அளவைப் போல இரண்டு மடங்காக இல்லாமல் 1.732 மடங்காக, அதாவது மூன்றின் வர்க்கமூல மடங்காக அமைகிறது. 230ஐ 1.732ஆல் பெருக்கினால் 398. அதை 400 என்று வழங்குகிறோம். பழைய 240 வோல்ட் அளவை அதே எண்ணால் பெருக்கினால் 415. உங்கள் மோட்டார் தகடு சொல்வது அதைத்தான். 440 வோல்ட் வர வேண்டுமானால் ஒரு ஃபேஸுக்கு 254 வோல்ட் இருக்க வேண்டும்; அது அனுமதிக்கப்பட்ட பழைய மேல் எல்லையை ஒட்டிய அளவு. எனவே 400, 415, 440 என்ற மூன்றும் ஒரே இணைப்பைத்தான் குறிக்கின்றன. 415 வோல்ட் மோட்டாரை 400 வோல்ட் இணைப்பில் ஓட்டுவதால் எந்தக் கெடுதலும் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்டெபிலைசரில் மாலையில் 222 வோல்ட்டும் நள்ளிரவில் 250 வோல்ட்டும் காட்டுகிறது. மின்மாற்றி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கம்பம் தள்ளித்தான் இருக்கிறது. 250 வோல்ட் ஆபத்தா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: தெருமுனை மின்மாற்றிகள் 11,000 வோல்ட்டைப் பெற்று 433 வோல்ட்டாக இறக்கித் தருமாறு செய்யப்படுகின்றன. 433ஐ 1.732ஆல் வகுத்தால் 250. லோட் இல்லாத நிலையில் ஒவ்வொரு ஃபேஸிலும் 250 வோல்ட் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்; ஏனென்றால், லோட் ஏறும்போது மின்மாற்றிக்குள்ளேயே கொஞ்சம் குறையும், கம்பம் கம்பமாகப் போகும் கம்பியில் இன்னும் கொஞ்சம் குறையும், கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 230ஐ ஒட்டி இருக்க வேண்டும். மின்மாற்றிக்கு அருகில் இருப்பவர்களுக்கு, தெரு முழுவதும் உறங்கும் நேரத்தில் ஏறக்குறைய அந்த 250 அப்படியே வந்து சேர்கிறது.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காடு மேலும் கீழும் போகலாம் என்று எல்லை வகுத்தன. அறிவித்த அளவு 240 என்றால் 225.6 முதல் 254.4 வரை, 230 என்றால் 216.2 முதல் 243.8 வரை. 1988இல் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 12360 இந்த அளவை 230/400 என்று மாற்றியது. ஐரோப்பாக் கண்டத்தில் 220/380, பிரிட்டனில் 240/415 என்று இருந்த இருவேறு அளவுகளுக்கு நடுவே 230/400 என்று பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்ட காலம் அது. எண் மாறியதே தவிர, தெருவில் நிற்கும் மின்மாற்றிகள் மாறவில்லை. அதனால் பழைய கணக்கில் எல்லைக்குள் அடங்கும் உங்கள் 250 வோல்ட், புதிய கணக்கில் எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றில் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதால், 230 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் ஹீட்டர் 250இல் ஏறக்குறைய 1180 வாட் எடுக்கும். குண்டு பல்புகளின் ஆயுள் குறையும். கைப்பேசி சார்ஜர்கள் வழக்கமாக 264 வோல்ட் வரை தாங்குமாறு செய்யப்படுவதால் அவற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் 255ஐத் தாண்டி நாள்தோறும் நிற்குமானால் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு என்று குறித்து வைத்த ஒரு தாளை அதனுடன் இணையுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த ஏற்ற இறக்கம் மாலையிலும் இரவிலுமாக மெல்ல நடந்தால் அது லோடின் விளைவு. கணத்தில் ஏறிக் கணத்தில் இறங்கினால் அதன் காரணம் வேறு; அதை அடுத்த பதிலில் காணலாம்.

கேள்வி: மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் எங்கள் தெருவில் சில வீடுகளில் டி.வி., ஃபிரிட்ஜ், டியூப்லைட் எல்லாம் எரிந்துபோயின. அதே நேரத்தில் வேறு சில வீடுகளில் பல்பு மங்கிச் சிவந்து எரிந்தது. வந்து பார்த்த லைன்மேன் நியூட்ரல் அறுந்துவிட்டது என்றார். கம்பி அறுந்தால் மின்சாரம் நிற்கத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: மிக நியாயமான கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் மும்முனை மின்சாரத்தில் முக்கால் பங்கைப் புரிந்துகொண்டதாகும்.

உங்கள் தெருவில் ஒரு வீடு சிவப்பு ஃபேஸிலும் அடுத்த வீடு மஞ்சள் ஃபேஸிலும் மூன்றாவது வீடு நீல ஃபேஸிலும் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று வீடுகளின் மறுமுனையும் ஒரே நியூட்ரல் கம்பியில் சேர்கிறது. மின்மாற்றியில் அந்த நியூட்ரல் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளாவது அதற்கு இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டில் எவ்வளவு லோட் இருந்தாலும் நியூட்ரல் நகராமல் நடுவில் நிற்பதால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட் தவறாமல் கிடைக்கிறது.

இப்போது மின்மாற்றிக்கும் உங்கள் தெருவுக்கும் இடையில் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று கொள்வோம். வீடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி அப்படியேதான் இருக்கிறது; மின்மாற்றியோடுதான் தொடர்பு இல்லை. சிவப்பு ஃபேஸிலிருந்து முதல் வீட்டுக்குள் நுழைந்த மின்னோட்டம் நியூட்ரலுக்கு வருகிறது. அங்கிருந்து மின்மாற்றிக்குத் திரும்ப வழியில்லாமல், அடுத்த வீட்டின் நியூட்ரல் வழியாக உள்ளே புகுந்து, அந்த வீட்டின் பொருள்களைக் கடந்து மஞ்சள் ஃபேஸுக்குப் போய்ச் சேர்கிறது. அதாவது, இரண்டு வீடுகளும் தொடராக இணைந்து 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்கின்றன.

அந்த 400ஐ இரண்டு வீடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால்கூடப் பெரிய தீங்கு இல்லை. முதல் வீட்டில் 2000 வாட் கெய்சர் ஓடுகிறது. இரண்டாவது வீட்டில் டி.வி.யும் விளக்குகளுமாக 200 வாட் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெய்சரின் மின்தடை ஏறக்குறைய 26.5 ஓம், இரண்டாவது வீட்டுப் பொருள்களின் மொத்தத் தடை 264.5 ஓம். தொடர் இணைப்பில் தடை அதிகமான இடத்தில்தான் மின்னழுத்தமும் அதிகமாக விழும். கணக்குப் போட்டால் கெய்சர் வீட்டுக்கு 36 வோல்ட்டும் டி.வி. வீட்டுக்கு 362 வோல்ட்டும் வருகின்றன. குறைவாக மின்சாரம் செலவழித்த வீட்டில்தான் பொருள்கள் எரிகின்றன. மூன்றாவது ஃபேஸும் சேரும்போது எண்கள் மாறும், விளைவு மாறாது. ஒரு வீட்டில் ஒரு பொருள் எரிந்து துண்டிக்கப்பட்டவுடன் பங்கீடு மறுபடியும் மாறி அடுத்த வீட்டைத் தாக்கும். அதனால்தான் உங்கள் தெருவில் சில வீடுகள் பளிச்சென்றும் சில வீடுகள் மங்கலாகவும் தெரிந்திருக்கின்றன.

எம்.சி.பி. இதைத் தடுக்காதா என்று பலரும் கேட்கிறார்கள். தடுக்காது. அது மின்னோட்டம் அளவு மீறினால் மட்டுமே விழும். இங்கே பொருள் கருகும் வரையில் மின்னோட்டம் பெரிதாக ஏறுவதில்லை. மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் தடுக்காது; உள்ளே வந்த மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகவே வெளியேறுவதால் கசிவு என்று அது எதையும் உணராது. இதற்கென்று உள்ளது, மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு மேலோ கீழோ போனவுடன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சாதனம். அதை மெயின் போர்டில் பொருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு ஃபிரிட்ஜின் விலையோடு ஒப்பிட மிகச் சிறியது. மும்முனை இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

தெருக் கம்பி மட்டுமே அறுவதில்லை. மும்முனை இணைப்புள்ள வீட்டில், அந்த வீட்டு மெயின் போர்டின் நியூட்ரல் லிங்க்கிலேயே இது நேரலாம். அலுமினிய சர்வீஸ் வயரைப் பித்தளை முனையத்துக்குள் நேரடியாகச் செருகி ஸ்குரூவை முடுக்கியிருப்பார்கள். அலுமினியம் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, சில ஆண்டுகளில் பிடி தளர்கிறது. அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தில் வெண்சாம்பல் நிறப் பொடி படிந்திருப்பதையும், அருகில் உள்ள கறுப்பு வயரின் உறை பழுப்பேறி விறைத்திருப்பதையும் காணலாம். அறுவதற்கு முன்பே இது அடையாளம் காட்டிவிடும். சமையலறையில் மிக்ஸி போட்டவுடன் கூடத்து விளக்கு கூடுதலாக ஒளிர்கிறது என்றால் அதுதான் அடையாளம். ஏனெனில் லோட் ஏறினால் விளக்கு மங்கலாம், பிரகாசிக்கக் கூடாது. மீட்டர் வைத்துப் பார்த்தால், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையில் மூன்று அளவும் 400ஐ ஒட்டியே இருக்க, நியூட்ரலுக்கு எதிராக மட்டும் 190, 265, 240 என்று சிதறியிருக்கும். அந்த நிலையில் மெயினை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். நியூட்ரல் என்பதால் தொடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அறுந்த இடத்துக்கு இப்பால் உள்ள நியூட்ரல் கம்பி ஃபேஸைப் போலவே உயிரைப் பறிக்கக்கூடியது.

சிலர் இதற்குப் பரிகாரமாக வீட்டு எர்த் குழாயோடு நியூட்ரலை இணைத்துவிடுகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. தெருவின் சமமற்ற மின்னோட்டம் முழுவதும் உங்கள் எர்த் குழாய் வழியாக இறங்க முயலும்; எர்த் கம்பியோடு இணைந்த ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடல்களில் மின்னழுத்தம் ஏறும். நியூட்ரலில் ஃபியூஸ் போடுவதும் அதே அளவு தவறு. அந்த ஃபியூஸ் போவதும் நியூட்ரல் அறுவதும் ஒன்றுதான்.

கேள்வி: மும்முனை வாங்கினால் மின்கட்டணம் குறையுமா? (ஒரு வாசகர், தாராபுரம்)

பதில்: குறையாது, கூடவும் கூடாது. 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் எந்த ஃபேஸில் ஓடினாலும் ஒரு யூனிட்தான். 4 கிலோவாட் வரை ஒருமுனை, அதற்கு மேல் மும்முனை என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை. அதன் நோக்கம் தெருவின் லோடை மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பரப்புவது.

கேள்வி: ஒரு ஃபேஸில் மின்சாரம் நின்றால் வீடு முழுவதையும் இன்னொரு ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளும்படி சுவிட்ச் வைத்திருக்கிறோம். இதில் ஏதேனும் தவறு உண்டா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: உண்டு, அது நியூட்ரலின் தடிமனைப் பொறுத்தது. மூன்று ஃபேஸ்களிலும் ஆளுக்கு 15 ஆம்பியர் ஓடும்போது, அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் நியூட்ரலில் ஏறக்குறைய எதுவும் ஓடாது. அதே மூன்று லோடையும் ஒரே ஃபேஸுக்குத் தள்ளினால் ஈடுசெய்ய எதுவும் இல்லை; 45 ஆம்பியரும் அப்படியே நியூட்ரலில் திரும்பும். நியூட்ரல்தானே என்று மெல்லிய வயர் போட்டிருந்தால் அது சூடாகி, சிவகாசி வாசகருக்கான பதிலில் சொன்ன தளர்ச்சி அங்கேயே தொடங்கும். எனவே அந்தச் சுவிட்சைத் திருப்புவதற்கு முன் கெய்சர், ஏ.சி., அயர்ன் பாக்ஸ் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கு மட்டும் மாற்று ஃபேஸ் கிடைக்குமாறு வயரிங்கைப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

கம்ப்யூட்டர் மையங்களும் எல்.இ.டி. விளக்குகள் மிகுந்த கடைகளும் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இவற்றின் மின்சுற்றுகள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தை இழுப்பதால், வினாடிக்கு 50 சுழற்சி உள்ள அலையோடு 150 சுழற்சி அலையும் கலந்து வருகிறது. மூன்று ஃபேஸ்களின் 150 சுழற்சி அலைகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் நியூட்ரலில் ஈடாகாமல் கூடிவிடுகின்றன. லோட் மூன்றிலும் சமமாக இருந்தும் நியூட்ரல் சுடுகிறது என்றால் காரணம் இதுதான். அங்கெல்லாம் நியூட்ரல் வயர் ஃபேஸ் வயரைவிட மெல்லியதாக இருக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊரில் சில நாள்களில் ஒரு ஃபேஸில் மட்டும் முழு வெளிச்சம்; மற்ற இரண்டிலும் பல்பு பாதி வெளிச்சத்தில் எரிகிறது. இதுவும் நியூட்ரல் கோளாறா? (ஒரு வாசகர், செங்கம்)

பதில்: இல்லை. இது மின்மாற்றிக்கு மேலே, 11,000 வோல்ட் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போனதன் அடையாளம். மின்மாற்றியின் மேல் பக்கச் சுற்றுகள் மூன்றும் டெல்டா எனப்படும் முக்கோண வடிவில் இணைக்கப்பட்டிருக்கின்றன. நமக்கு மின்சாரம் தரும் கீழ்ப் பக்கச் சுற்றுகள் ஸ்டார் வடிவில் இணைந்து, நடுவில் நியூட்ரலைத் தருகின்றன. மேலே ஒரு லைன் போனால், மிஞ்சிய இரண்டு லைன்களுக்கு நடுவில் ஒரு சுற்று முழு அழுத்தத்தைப் பெறுகிறது. மற்ற இரண்டும் தொடராக நின்று ஆளுக்குப் பாதியைப் பெறுகின்றன. கீழே அதுவே 230, 115, 115 என்று தெரிகிறது.

நியூட்ரல் கோளாறில் ஏதேனும் ஒரு ஃபேஸ் 230ஐத் தாண்டும். லோட் மாற மாற எண்கள் ஆடும். இதில் எதுவும் தாண்டாது. மங்கலான இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் மீட்டர் வைத்தால் 200, 400 என்று எதுவும் காட்டாமல் பூச்சியத்தை ஒட்டி நிற்கும் என்பது இதன் உறுதியான அடையாளம். இரண்டும் ஒரே திசையில் ஒன்றாக ஏறி இறங்குவதால் அவற்றுக்கிடையே வேறுபாடு இல்லை. பாதி அழுத்தத்தில் பல்புக்கு ஒன்றும் ஆகாது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு மின்னோட்டத்தை இழுத்துக் கருகிவிடும். முதலில் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: தென்னந்தோப்பில் 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓட்டுகிறோம். நியூட்ரல் கம்பியே இல்லாமல் அது எப்படி ஓடுகிறது? ஒரு ஃபேஸ் இல்லாதபோது கன்டென்சர் போட்டு ஓட்டுகிறோம், அது சரியா? காயில் அடிக்கடி கருகுகிறது. போன மாதம் லைன் வேலை நடந்த பிறகு தண்ணீரும் பாதியாகிவிட்டது. (ஒரு விவசாயி, பொள்ளாச்சி)

பதில்: மோட்டாரின் மூன்று காயில்களும் ஒரே மாதிரியானவை, எனவே மூன்றும் சமமாக இழுக்கின்றன. எந்தக் கணத்திலும் ஒரு கம்பியில் உள்ளே வரும் மின்னோட்டம் மற்ற இரண்டின் வழியாக வெளியேறிவிடுகிறது. திரும்புவதற்குத் தனிக் கம்பி தேவைப்படாததால்தான் மோட்டாருக்கு நியூட்ரல் வேண்டியதில்லை.

தண்ணீர் குறைந்ததற்கு, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுவதே பெரும்பாலும் காரணம். லைன் வேலையின்போது இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறியிருக்கும். சப்மெர்சிபிள் மோட்டார் ஆழத்தில் இருப்பதால் திசை கண்ணுக்குத் தெரியாது. எதிர்த்திசையிலும் ஓரளவு தண்ணீர் ஏறுவதால் கிணறு வற்றிவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். மெயினை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் திசை நேராகிவிடும்.

காயில் கருகுவதற்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போனால் அது நிற்பதில்லை. மிஞ்சிய இரண்டு கம்பிகளில் ஏறக்குறைய 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு தொடர்ந்து சுற்றுகிறது. உங்கள் 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் ஏழரை ஆம்பியர் எடுப்பதாக வைத்தால், அது 13 ஆம்பியராகிறது. கருகிய மோட்டாரைக் காயில் கட்டும் பட்டறையில் பிரிக்கும்போது நீங்களும் உடனிருந்து பாருங்கள். ஸ்டார் இணைப்பானால் இரண்டு ஃபேஸ்களின் காயில்கள் கருத்திருக்க, ஒன்று மட்டும் புதிதுபோல் இருக்கும். டெல்டா இணைப்பானால் ஒன்று கருத்து இரண்டு நன்றாக இருக்கும். மூன்றும் ஒரே அளவில் கருத்திருந்தால் காரணம் ஃபேஸ் போனதல்ல. அதிக லோட், பேரிங் இறுக்கம் போன்றவற்றைத் தேட வேண்டும். காரணத்தை அறியாமல் மறுபடி காயில் கட்டுவது பணத்தை வீணாக்கும்.

கன்டென்சர், இல்லாத ஃபேஸுக்கு மாற்றாக நேரம் பிறழ்ந்த ஓர் அலையை உண்டாக்கிக் கொடுக்கிறது. அது ஒரே ஒரு லோட் அளவுக்குத்தான் ஓரளவு பொருந்தும். தண்ணீர் மட்டமோ மின்னழுத்தமோ மாறினால் மூன்று காயில்களிலும் மின்னோட்டம் சமமற்றுப் போய் ஒன்று சூடேறும். மோட்டாரின் முழுத் திறனையும் அப்படி எடுக்க முடியாது. நீர் இன்றிப் பயிர் வாடும்போது விவசாயி என்ன செய்வார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாள்தோறும் அதையே வழக்கமாகக் கொண்டால் மோட்டார் தாங்காது. ஃபேஸ் போனவுடன் ஸ்டார்ட்டரை விழச் செய்யும் பிரிவென்டரைப் பொருத்துங்கள். ஓவர்லோட் ரிலேயைத் தகட்டில் உள்ள ஆம்பியருக்குச் சரியாக வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை மேலே ஏற்றி வைக்கும் பழக்கத்தைத்தான் பல தோட்டங்களில் பார்க்கிறேன். கருகிய மோட்டார்களில் பலவும் அங்கிருந்துதான் வருகின்றன.

கேள்வி: ஏன் மூன்று ஃபேஸ்? இரண்டோ ஐந்தோ ஏன் இல்லை? (பாலிடெக்னிக் மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஒருமுனை மின்சாரத்தில் திறன் வினாடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொட்டு எழுகிறது. சமமான லோடுள்ள மும்முனையில் மொத்தத் திறன் எந்தக் கணத்திலும் மாறாமல் ஒரே அளவில் நிற்கிறது. மோட்டார் அதிர்வில்லாமல் சுழல்கிறது. மூன்று தனித்தனி ஒருமுனைச் சுற்றுகளுக்கு ஆறு கம்பிகள் வேண்டும். மும்முனைக்கு நான்கு போதும், சமமான லோடுக்கு மூன்றே போதும். சுழலும் காந்தப் புலத்தை இரண்டு ஃபேஸ்களாலும் உண்டாக்கலாம்; அமெரிக்காவில் தொடக்கத்தில் அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் கம்பிச் சிக்கனத்தில் மூன்றுக்கு அது ஈடாகாது. மூன்றுக்கு மேல் போனால் கிடைக்கும் ஆதாயம் சிறிது, சிக்கல் பெரிது.

இதை உலகுக்கு மெய்ப்பித்தது 1891இல் ஜெர்மனியில் நடந்த பிராங்க்பர்ட் மின்பொருட்காட்சி. மிகையில் தொலிவோ-தொப்ரொவோல்ஸ்கி வகுத்த மும்முனை முறையில், லௌஃபன் என்னும் ஊரின் நீர்விசையிலிருந்து 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1902இல், காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து, தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயலுக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் போனது. அந்த லைன் முதலில் 25 சுழற்சியில் இயங்கியது.

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் வீட்டில் 120 வோல்ட்டும் 240 வோல்ட்டும் இருக்கின்றன. இது இரண்டு ஃபேஸ் மின்சாரமா? கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த வெட் கிரைண்டரை 240இல் இணைக்கலாமா? (ஒரு வாசகி, டாலஸ்)

பதில்: அது இரண்டு ஃபேஸ் அல்ல, ஒருமுனையே. மின்மாற்றியின் 240 வோல்ட் சுற்றுக்கு நட்டநடுவில் ஒரு கம்பியை எடுத்து அதை நியூட்ரலாக்கியிருக்கிறார்கள். நடுவுக்கும் ஓரத்துக்கும் 120. இரண்டு ஓரங்களுக்கும் இடையில் 240. இங்கே இரண்டு ஓரங்களும் நேர் எதிரெதிராக ஏறி இறங்குவதால் இரண்டு மடங்கு என்ற கணக்கு பொருந்துகிறது. கடைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மும்முனையில் 120க்கு 208தான் வரும். நியூட்ரல் தளர்ந்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பாதியில் கூடி மறுபாதியில் குறையும்.

கிரைண்டரின் அழுத்தம் பொருந்தினாலும் அங்கே 60 சுழற்சி என்பதால், இண்டக்‌ஷன் மோட்டார் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். இழுவிசை சற்றுக் குறையும். டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தால் அழுத்தம் மாறுமே தவிரச் சுழற்சி மாறாது. அந்நாட்டுக்கென்று செய்த கிரைண்டரை வாங்குவதே சரி. மிக்ஸியின் மோட்டார் கார்பன் பிரஷ் வகையைச் சேர்ந்தது. அதற்குச் சுழற்சி ஒரு பொருட்டல்ல, 120இலிருந்து 230 ஆக உயர்த்தும் போதிய வாட் உள்ள டிரான்ஸ்பார்மர் இருந்தால் ஓடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய வெளிநாட்டு அடுப்பின் வயர் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் நிறங்களில் இருக்கிறது. எங்கள் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை இருக்கின்றன. நீலத்தை நீலத்தோடு இணைக்கலாமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: இணைக்கவே கூடாது. உங்கள் போர்டில் நீலம் மூன்றாவது ஃபேஸ்; அந்த அடுப்பின் வயரில் நீலம் நியூட்ரல். பழுப்பைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் இணைத்தால் அடுப்புக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் போகும். பழுப்பை ஏதேனும் ஒரு ஃபேஸோடும், நீலத்தைக் கறுப்போடும், பச்சை-மஞ்சளைப் பச்சையோடும் இணைக்க வேண்டும். இணைத்த பிறகு அடுப்பின் பக்கத்து முனையில் மீட்டர் வைத்து 230 காட்டுகிறதா என்று வயர்மேன் பார்த்துச் சொன்ன பின்பே சுவிட்சைப் போடுங்கள்.